போச்சு அண்ணாச்சி ஏறிய ரயில்

தண்டவாளம் போகிற தூரமெல்லாம் தேடினாலும், எங்கள் போச்சு அண்ணாச்சியைப் போல நம்பிக்கையே இல்லாத ஒரு மனிதர் கிடைக்கமாட்டார்.

எழுபதுகளின் கடைசியில், சங்கரன்கோவில் பக்கம் எங்கள் கிராமத்து ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவர் அவர்தான். ஸ்டேஷன் என்றால் ஒரு கொட்டகை, ஒரு வேப்பமரம், ஒரு பெயர்ப்பலகை, அண்ணாச்சி. அவ்வளவுதான்.

ரயில் தாமதமானால், "போச்சுவே, இனி வரமாட்டான்" என்பார். நேரத்துக்கு வந்துவிட்டால் இன்னும் மோசம். "ஒழுங்கா ஓட்டுதான்னா நிப்பாட்டப் போறான்னு அர்த்தம்வே." ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் முண்டியடித்து டிக்கெட் வாங்கும். இவர் தலையில் கைவைத்துக்கொண்டு, "நாளைக்கு ஒரு பய வருவானா?" என்பார். மறுநாள் ஒரு பயலும் வரமாட்டான். அவரிடம் எனக்குப் பிடிக்காதது அதுதான், சொன்னால் பலித்துத் தொலைக்கும்.

கடைசியில் கடிதமே வந்துவிட்டது. திங்கட்கிழமை அதிகாரி வருவார், எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்ப்பார், ஆள் இல்லையென்றால் அடுத்த மாதம் முதல் ரயில் இங்கே நிற்காது. அண்ணாச்சிக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது, வேறு வேலையும் தெரியாது. ஜென்மத்தில் யாரிடமும் எதுவும் கேட்காத மனிதர் வீடுவீடாகப் போனார். "திங்கக்கிழம காலைல ஸ்டேஷனுக்கு வந்துருங்க மக்கா."

அடேயப்பா, என்ன கூட்டம்! ஊரே வெளுத்த வேட்டியில் வந்து நின்றது. மேளம் வேறு. அதிகாரி இறங்கியதும் மாலை போட்டார்கள். பிரசிடெண்ட் மனுவை நிறுத்தி நிதானமாகப் படித்தார். ரயில் ஊதியது. எல்லோரும் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள்.

"ஏறுங்கலே!" என்று அலறினார் அண்ணாச்சி.

பிரசிடெண்ட் பதறிவிட்டார். "ஆபீசர் சௌரியமா போவட்டும் அண்ணாச்சி. அவர இடிச்சிக்கிட்டு ஏறுனா நல்லாவா இருக்கு? நாங்க பஸ்ல போயிக்கிடுதோம்."

அதிகாரி ஏறி உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். அண்ணாச்சி கொட்டகைக்குள் ஓடி, தனக்கே சங்கரன்கோவிலுக்கு ஒரு டிக்கெட் போட்டுக்கொண்டு பெட்டியில் ஏறினார். அவர் ரயிலேறி அதற்குமுன் நான் பார்த்ததில்லை. வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். "வே, நீராவது வாரும்வே!"

எனக்கு ஆபீஸே சங்கரன்கோவிலில்தான். கையில் சாப்பாட்டுத் தூக்குகூட இருந்தது. "ஒம்பது மணி பஸ் சீக்கிரம் போயிரும் அண்ணாச்சி" என்றேன். பாவி, அப்படித்தான் சொன்னேன்.

சாயங்காலம் தண்டவாளத்தோரமாக நடந்தே திரும்பி வந்தார்.

"போச்சா அண்ணாச்சி?"

"என்னவே போச்சு? ஒரு ஆளு ஏறுனாம்லா! ஆபீசர் எழுதுனத நானே பாத்தேன். ஒரு ஆளு இருக்கும்போது அப்படி விட்டுருவாங்களா?"

அவர் வாயில் முதல்முறையாக நம்பிக்கையைக் கேட்டபோதுதான் எனக்குப் பயமே வந்தது. அடுத்த மாதம் ரயில் வேகம்கூடக் குறையாமல் போயிற்று. அண்ணாச்சி துவைத்த சட்டையோடு பெயர்ப்பலகைக்குக் கீழே நின்றிருந்தார்.

இரண்டு பேர் ஏறியிருந்தாலும் அந்த ஸ்டேஷன் பிழைத்திருக்காது, எனக்குத் தெரியும். ஆனாலும் சங்கரன்கோவில் போய்ச் சேரும்வரை, "போச்சுவே" என்று அவர் சொல்வதைக் கேட்கப் பக்கத்தில் நான் இருந்திருப்பேன்.