இல்லாத இஞ்சினுக்கு வரி

ரோட்டில் மாட்டுவண்டியும் சைக்கிளும் மட்டுமே ஓடிக்கொண்டிருந்த 1944ஆம் ஆண்டில், மலாயாவின் கெடா மாநிலத்து லூனாசில் மளிகைக்கடை வைத்திருந்த குழந்தைவேலு ஒரு பந்தயக் கார் வாங்குவதென்று தீர்மானித்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கடையில் மரவள்ளிக்கிழங்கையும் உப்பையும் தவிர வேறு சரக்கு கிடையாது. ஆனாலும் இது நன்றாக யோசித்து எடுத்த முடிவு.

சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட்டு முடிந்தது என்று அறிவித்த, மலாயாவை ஆண்ட ஜப்பான்காரர்கள், முடிந்த பாதையைப் பார்த்துக்கொள்ள இன்னும் ஆள் வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். முன்னால் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர். அடுத்துப் போக வேண்டியவர்களில் குழந்தைவேலுவும் ஒருவர். ஆனால் அதே உத்தரவின் கடைசியில், மோட்டார் வண்டி உடையவர்கள், ராணுவம் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வண்டியோடு வரத்தக்கதாக வீட்டிலேயே இருக்கக் கடவர் என்றும் கண்டிருந்தது.

"வீட்டிலேயே இருன்னு சர்க்காரே சொல்லுது. மீறலாமா?" என்றார் குழந்தைவேலு.

அவர் மனைவி ராக்காயி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். "வித்துட்டு வாங்கிட்டு வாங்க. ஆனா அதுல ஏறி உக்காந்துக்கிட்டு துரை மாதிரி கையாட்டினீங்கன்னா, நானே உங்களை ரயிலுக்கு அனுப்பி வெச்சிருவேன்."

லாரிகளையும் நல்ல கார்களையும் பெட்ரோலையும் ராணுவம் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. மிஞ்சியிருந்தது, புக்கிட் மெர்தாஜாமில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் கொட்டகையில் கிடந்த சிவப்பு வண்டி. தப்பி ஓடிய தோட்டத் துரை ஒருவர் விட்டுப்போனது. இரண்டே இருக்கை, கூரை கிடையாது. இஞ்சினை யாரோ படகுக்குக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. டயர்களுக்குள் காற்றுக்குப் பதிலாக, உறைந்த ரப்பர்ப்பாலான ஒட்டுப்பால் அடைத்திருந்தது. தவுக்கே கோழிக்குத் தனி விலை சொன்னார். குழந்தைவேலு கோழியை விட்டுவிட்டுக் காரை மட்டும் வாங்கி, கூட வந்திருந்த ஊர் வண்டிக்காரர் அம்மாசியின் மாடுகளைப் பூட்டி ஊருக்குப் புறப்பட்டார்.

புக்கிட் மெர்தாஜாம் பக்கத்து ஊர்தான். முன்பெல்லாம் லூனாஸ்காரர்கள் முடிவெட்டிக்கொள்ளக்கூட அங்கே போய் வருவார்கள். ஆனால் போன வருஷம் ஜப்பான், கெடாவை அப்படியே தூக்கிச் சயாமுக்குக் கொடுத்துவிட்டது. சயாமுக்குப் போகப் பயந்து கிடந்தவர்களிடம் சயாமே வந்து சேர்ந்தது. நடுரோட்டில் ஒரு மூங்கில் கழி போட்டார்கள். கழிக்கு இப்பால் லூனாஸ், சயாம். அப்பால் பினாங்கைச் சேர்ந்த புக்கிட் மெர்தாஜாம், வெளிநாடு. அங்கே முடிவெட்டிக்கொண்டு வருகிறவர் தலைக்கு வரி உண்டா என்பது மட்டும் மேலிடத்தின் பரிசீலனையில் இருந்தது.

கழியருகே சயாம் சுங்க அதிகாரியும், அவருக்கு மொழிபெயர்க்கும் குமாஸ்தாவான கிராணி சீனிவாசகமும் உட்கார்ந்திருந்தார்கள். கிராணி வெள்ளைக்காரனுக்கு ஒரு தொப்பி, ஜப்பான்காரனுக்கு ஒரு தொப்பி போட்டு, இப்போது மூன்றாவது தொப்பியில் இருந்தார்.

அதிகாரி காரின் இஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தார். இரக்கத்தோடு ஏதோ சொன்னார்.

"ஐயாவுக்கு நல்ல மனசு," என்றார் கிராணி. "இஞ்சின் இல்லை. மாடு இழுக்குது. ஆகவே இது மாட்டுவண்டி. அந்த வரியைக் கட்டிட்டுப் போகலாம்."

குழந்தைவேலு குறுக்கே பாய்ந்தார். மாட்டுவண்டிக்காரர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லி எந்த உத்தரவும் இல்லை.

"வேணாங்க கிராணி. மோட்டார் வரியே போடுங்க."

"அது பத்து மடங்குலா!"

"பத்து மடங்கே போடுங்க. பந்தயக் கார். சொகுசு. பாருங்க, கூரைகூட இல்லை."

சுங்கம் என்று ஒன்று ஏற்பட்ட நாள் முதல் கூடுதல் வரி கேட்டு யாரும் வந்ததில்லை. அதிகாரி எழுந்து நின்றார். அதிக வரி கட்ட ஆசைப்படுகிறவன் அதைவிடப் பெரிதாக எதையோ மறைக்கிறான் என்பது அவர் துணிபு. இருக்கையைக் கிழித்துப் பார்த்தார்கள். ஒரு கோழிமுட்டை அகப்பட்டது. அறிவிக்கப்படாத இறக்குமதி என்று அது பறிமுதல் செய்யப்பட்டு, மத்தியானம் வேகவைக்கப்பட்டது.

குழந்தைவேலு கிராணியின் காதில் உண்மையைச் சொன்னார். கிராணி தொப்பியைச் சரிசெய்துகொண்டு அதிகாரியிடம் நீளமாகப் பேசினார். இஞ்சின் தற்போது காணப்படாமையால் அது இல்லை என்று கொள்ளுதல் தகாது என்பது சாரம்.

அதிகாரி அதை ஒப்புக்கொண்டார். "அப்படியானால் இஞ்சின் வேறு வழியாக வந்திருக்கிறது. அதற்குத் தனி வரியும் அபராதமும்."

சங்கிலியில் மிஞ்சியது, கடையில் மிஞ்சியது, அம்மாசியிடம் கைமாற்று என்று எல்லாம் போயிற்று. கூரையில்லாமல் வானத்தை அனுபவிப்பதற்கும் ஒரு வரி இருந்தது. முடிவில் முத்திரை விழுந்தது: பந்தயக் கார் ஒன்று, இஞ்சின் நல்ல நிலையில்.

அன்று இரவு குழந்தைவேலு வயிறு காலியாகவும் மனம் நிறைவாகவும் தூங்கினார்.

மூன்றாம் வாரம் ஒரு ஜப்பானிய அதிகாரி கிராணியோடு கடைக்கு வந்தார். வண்டியைத் தட்டிப் பார்த்தார். மூடியைத் திறக்கவில்லை, முத்திரை இருக்கும்போது மூடியைத் திறப்பது முத்திரைக்கு மரியாதையல்ல. "நல்ல வண்டி. லூனாசிலிருந்து நாற்பது பேரை இதில் சயாம் ரயிலுக்கு ஏற்றிப் போ," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

ஊர் திரண்டது.

"பாவி மனுசா, நீ தப்பிக்க எங்களை மாட்டிவிட்டியேடா!" என்று அம்மாசி கத்தினார்.

"இது நகராதுண்ணே! உங்க மாடுதானே இழுத்துட்டு வந்துச்சு!"

கிராணி கையமர்த்தினார். "எல்லாரும் சும்மா இருங்க. இல்லாத இஞ்சினுக்கு வரி கட்டியாச்சு. கட்டின வரிக்கு அது ஓட வேணாமா? ரெண்டு ரெண்டு பேரா இருபது நடை. இன்னிக்கே போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு எழுதி அனுப்பிடறேன்."

"அங்க தலையை எண்ண மாட்டானா?"

"அங்க செத்தவங்களையே இன்னும் எண்ணி முடிக்கலை."

"என்னையும் ஏத்துங்கண்ணே!" என்று ஒரு குரல் வந்தது. எழுத்தில் ஏற்கெனவே சயாம் ரயிலுக்குப் போய்விட்டவனை இன்னொரு முறை அங்கே பிடித்துப் போக முடியாது என்பது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. அப்புறம் தள்ளுமுள்ளுதான். நாற்பது, எழுபது ஆயிற்று. அம்மாசி தன் மாடுகளுக்கும் இடம் கேட்டு வாங்கினார். கடைசி நடையில் கிராணி தம் பெயரையும் ஏற்றிக்கொண்டார். குழந்தைவேலு முதல் தடவையாகக் காரில் ஏறி உட்கார்ந்து ஊரைப் பார்த்துக் கையாட்டினார். ராக்காயிகூட ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த பங்கீட்டு அரிசி நாளில் வரிசை நீளமாக நின்றது. குழந்தைவேலு பையை நீட்டினார். பங்கீட்டுக் கடைக்காரர் பெயரைப் பார்த்துவிட்டுப் பையைத் திருப்பித் தந்தார்.

"நீங்க சயாம் ரயில் பாதையில இருக்கீங்க. உங்க அரிசி அங்க போயிருச்சு."

"இதோ, எதிர்லதானே நிக்கிறாரு!" என்றாள் ராக்காயி.

"நிக்கட்டும்மா. யாரு வேணாம்னா? அரிசி அங்கதான்."

பின்னாலிருந்த அறுபத்தொன்பது பேரும் பையோடு முன்னால் வந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிராணி சீனிவாசகம், தொப்பியை நேராக வைத்து, மேசையைத் தட்டினார்.

"நாங்க எல்லாரும் திரும்பி வந்துட்டோம்னு எழுதிக்கய்யா."

"எதுல வந்தீங்க?"

"போன கார்லதான்."

கடைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். கிராணியையும், பின்னால் நின்ற ஊரையும் நிதானமாக ஒரு பார்வை பார்த்தார்.

"ஏய்யா, யார்கிட்ட கதை விடறீங்க? பெட்ரோலுக்கு எங்கய்யா போனீங்க?"