கண்டியில் சைக்கிள் எண்ணப் போன கதை

நான் ஒருமுறை பொலிசில் பிடிபட்டிருக்கிறேன். செய்த குற்றம், சைக்கிள் எண்ணியது.

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். தமிழன் சந்தியில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தாலே, யாருக்காக நிற்கிறாய் என்று கேட்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான், கண்டி நகரில் சனங்கள் பயமில்லாமல் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் வழி செய்யும் திட்டம் ஒன்று வெளிநாட்டு உதவியோடு தொடங்கியது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து படித்து வந்த எனக்கு அதில் உதவியாளர் வேலை. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்றார்கள். எப்படியாவது நல்ல பெயர் வாங்கத் துடித்தேன். (அந்தத் துடிப்புதான் வினை.)

மேலதிகாரி சிவநேசன் ஐயா, யாழ்ப்பாணத்து எஞ்சினியர்.

"தம்பி, சந்தியில நிண்டு எத்தினை பேர் நடக்கினம், எத்தினை சைக்கிள் போகுது எண்டு எண்ணிக்கொண்டு வாரும். வேற ஒண்டும் செய்ய வேண்டாம்."

வேறு ஒன்றும் செய்யாமல் இருக்க எனக்குத் தெரியுமா? நகரத்தை வரைபடமாகக் கீறினேன். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு சனம் நெரிகிறது என்று சிவப்புப் பேனையால் குறி போட்டேன். பாடசாலை விடும் நேரத்துக்கு இரட்டைக் குறி! குண்டு வைக்க நினைப்பவன்கூட அவ்வளவு சிரத்தையாக வேலை பார்த்திருக்க மாட்டான்.

மூன்றாம் நாள் இரண்டு பொலிஸ்காரர்கள் வந்தார்கள். அடையாள அட்டையில் பெயரைப் படித்தார்கள். வரைபடத்தை விரித்தார்கள். அவ்வளவுதான்.

"எதை எண்ணினாய்?" என்று பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"சைக்கிள், சேர்."

அவர் மேசையில் ஓங்கி அடித்தார். "இந்த மலை ஊரில் எவனடா சைக்கிள் ஓட்டுகிறான்?"

நியாயமான கேள்வி. மூன்று நாளில் நான் கண்ட சைக்கிள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தகவல் கிடைத்து ஐயா ஓடி வந்தார். நான்தான் இவனை அனுப்பினேன் என்று துணிந்து சொன்னார். அவருடைய அட்டையையும் வாங்கிப் பார்த்தார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம். என்னை மீட்க வந்த மனிதரை நான் இருந்த வாங்கிலேயே, எனக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

"தம்பி, எண்ணத்தானே சொன்னனான்?" என்றார். அப்படி உட்கார்ந்த பலர் வீடு திரும்பாத காலம் அது. என்மீதே எனக்கு வெறுப்பாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் என் பதிவுத் தாள்களைப் புரட்டினார். நான் சிங்களத்தில் எழுதிச் சேர்த்திருந்த ஒரு நிரலின் தலைப்பில் அவர் விரல் நின்றது.

"இது என்ன, 'தள்ளிக்கொண்டு போவோர்'?"

"சேர், ஏத்தத்துல ஓட்ட முடியாம இறங்கித் தள்ளிக்கிட்டுப் போறவங்க. அவங்கள ஓட்டுறவங்களோட சேர்க்கிறதா, நடக்கிறவங்களோட சேர்க்கிறதான்னு தெரியல. அதான் தனியாப் போட்டேன்." (இதைச் சிங்களத்தில் சொல்ல நான் பட்ட பாடு!)

அவர் அந்தத் தலைப்பை இன்னொரு தடவை படித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இப்படி ஒரு மடையனை எந்த இயக்கமும் சேர்க்காது என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். மடையன் பட்டம் வாங்கி இரண்டு உயிர் பிழைத்தது.

எங்களை விட்டுவிட்டார். வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம், நான் சிவப்புக் குறி போட்ட இடமெல்லாம் நடைபாதையை மறித்துப் பொலிஸின் பீப்பாயும் முள்கம்பியும் வந்தன. நடக்கிற சனமெல்லாம் இறங்கி பஸ்களுக்கு நடுவே நடந்தது. திட்டத்தை மூடினார்கள். என் வேலையும் போனது. ஐயா குடும்பத்தோடு வெளிநாடு போனார். ஏசியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். "கவனம், தம்பி" என்று மட்டும் சொன்னார்.

வத்தேகமவில் இருந்த அக்காவைப் பார்க்க அப்பா ஞாயிறுதோறும் நான் நின்று எண்ணிய சந்தியைத் தாண்டித்தான் பஸ் ஏறுவார். வயதான மனுசன், பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்துவிட்டு வந்து, "நடக்கிற பாதைய அடைக்கச் சொன்ன மடப்பய எவன்டா?" என்று கத்துவார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன். அவர் சாகும்வரை சொல்லவில்லை.

பிறகு மனைவியிடம் சொன்னேன். அது பெரிய தப்பு. இப்போது எந்த ஊரில் பாதை மூடியிருந்தாலும் பிள்ளைகள் என் பக்கம் திரும்புகிறார்கள்.

"அப்பா, இங்கயும் நீங்க எண்ணினீங்களா?"

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அப்பாவிடம் சொல்லியிருக்கலாம்.