தண்ணீர்ப் பெட்டி செய்த குற்றம்

திருவொற்றியூர்,
பிரஜோற்பத்தி வருஷம், கார்த்திகை 5

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை மனோகரன் அவர்களுக்கு மாமனார் சுப்புராயன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் நானும் உங்கள் அத்தையும் க்ஷேமம். வண்டி க்ஷேமமில்லை. பெஜவாடாவில் தாங்களும், மங்கையும், அவள் வயிற்றிலிருக்கும் சின்ன எஜமானும் சௌக்கியமென்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. அந்தப் பாழும் மோட்டார் வாசலில் நிற்கும்வரை மங்கையைப் பிரசவத்துக்கு அனுப்ப மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயம்தான். வலி எடுத்த நேரத்தில் வண்டி நடுரோட்டில் நின்றால் யார் பதில் சொல்வது? ஆனால் கீழே, 'முப்பது வருஷம் துறைமுகத்தில் பாய்லர் மேஸ்திரியாக இருந்தவருக்குத் தண்ணீர் பார்க்கத் தெரியாதா' என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அதைப் படித்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கையிலிருந்த எந்தப் பாய்லரிலும் தண்ணீர் ஒரு நாளும் கோட்டுக்குக் கீழே இறங்கியதில்லை.

தாங்கள் மங்கையோடு ரயிலேறப் புறப்பட்ட அன்றும் வண்டியை எடுக்குமுன் ரேடியேட்டரில், அதுதான் வண்டியின் மூக்கிலிருக்கும் தண்ணீர்ப் பெட்டியில், வாய்வரை ஊற்றினேன், தாங்களே பார்த்தீர்கள், காலடிப்பேட்டை தாண்டுவதற்குள் ஆவி கிளம்பியது, சூடான இரும்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும் என்று அரை மணி ஆறவிட்டேன், தாங்கள் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தீர்கள், தண்டையார்பேட்டையில் மறுபடி ஆவி, மறுபடி அரை மணி, கல்மண்டபத்தில் மீன் கூடையோடு வந்த பூவம்மா, "இன்னா மேஸ்திரி, ஊருக்குப் போற பொண்ணு கம்முனு கீது, வண்டி அழுதுகினு கீது?" என்று கேட்டுவிட்டு, நான் வேண்டாமென்பதற்குள் ஓட்டை அடைபடட்டும் என்று ஒரு சட்டி கஞ்சியைக் கொண்டுவந்து ஊற்றினாள், அது பொங்கித் தங்கள் சரிகை வேட்டியில் விழுந்தது. அதைப் பார்த்து ஓடிவந்த மெக்கானிக் வால்டர், வெள்ளைக்கரு உள்ளே வெந்து ஓட்டையை அடைக்கும் என்று ஆறு முட்டையை உடைத்து ஊற்ற, சனிக்கிழமை விரதத்திலிருந்த தாங்கள் அந்த வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவோரம் போய் நின்றீர்கள். "அடியில பூந்து பாத்துடட்டா மேஸ்திரி?" என்றான் வால்டர். நல்ல சட்டை அழுக்காகுமே என்று நான்தான் தடுத்தேன். சென்ட்ரலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிளாட்பாரத்தில் போர்ட்டர்கள் மட்டும் இருந்தார்கள். பாவம் மங்கை, வழிநெடுக ஒரு தடவைகூட மணி கேட்கவில்லை.

அதனால் தாங்கள் எங்கள் வீட்டில் இன்னும் ஒரு நாள் தங்க நேர்ந்தது, ஆபீஸில் துரையிடம் ஏச்சும் வாங்க நேர்ந்தது. மன்னிக்க வேண்டும். வண்டியை எண்ணெய்க் கடை ராசையாவுக்கு விற்றாயிற்று, வெள்ளிக்கிழமை ஓட்டிப் போகிறான். தை பிறந்ததும் மங்கையை அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். பிறக்கப் போகும் பிள்ளைக்குத் தனியாக ஒன்று.

இப்படிக்கு,
சுப்புராயன்

பி.கு.: கவரை ஒட்டும்போது வாசலில் வண்டி கண்ணில் பட்டது. அதன்மேல் பழி போட்டு அனுப்ப மனசு வரவில்லை. ரேடியேட்டரில் ஓட்டையே கிடையாது. தண்ணீரை வடிக்க அடியில் ஒரு சின்னக் குழாய் உண்டு. அன்று விடியற்காலையில் அதைக் கால் சுற்று திருகித் திறந்துவிட்டவன் நான்தான். கல்யாணமாகி முதல் தடவை வந்த பெண்ணை மூன்றே நாளில் கூட்டிப் போகிறேன் என்றீர்கள். இன்னும் ஒரு நாள் விடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. திறந்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே மங்கை. "ரொம்பத் தொறக்காத நைனா, பாதி வழியாவது போவணும், இல்லாங்காட்டி அவரு கண்டுபுடிச்சிடுவாரு" என்றாள். அவளைக் கோபிக்க வேண்டாம், எல்லாம் என் தலையில் போடுங்கள்.

ராசையாவை வர வேண்டாமென்று சொல்லிவிட்டேன். வால்டரைக் கூப்பிட்டு அந்தக் குழாயை ஈயம் வைத்து அடைத்தாயிற்று, பிரசவத்துக்குப் பயமில்லாமல் அனுப்பலாம். தாயையும் பிள்ளையையும் திரும்ப அழைத்துப் போகும்போது மட்டும் தயவுசெய்து டிராமில் போங்கள். ஈயத்தைச் சுரண்டி எடுக்க எனக்குத் தெரியும்.