முதலாளி லீவு தரவில்லை

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு லீவு கேட்டு அவர் நீட்டிய கடிதத்தை மேனேஜர் கையால் தொடக்கூட இல்லை.

"எங்கிட்ட எதுக்குய்யா நீட்டறீங்க? போன மாசம் கையெழுத்துப் போட்டது மறந்துபோச்சா? நீங்க இப்ப ஊழியர் இல்ல. சொந்தத் தொழில் பண்றவர். உங்களுக்கு முதலாளி நீங்கதான்."

"அப்ப நான் போகலாமா சார்?"

"உங்க முதலாளியைக் கேளுங்க. ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள நானூறு குடை முடிஞ்சிருக்கணும். வெளியில வேலை நிலவரம் தெரியுமில்ல? உங்க இடத்துக்கு முன்னூறு பேர் காத்துக்கிட்டு நிக்கறாங்க."

குடைக் கம்பெனியில் பதினொரு வருடமாகக் குடைகளை விரித்துப் பார்த்து மடக்கி வைப்பதுதான் அவருடைய வேலை. சொந்தத் தொழில் ஆன பிறகும் அதே மேசை, அதே குடைகள். நாற்காலியை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதனால் வீட்டில் அவர் மனைவி நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட நாடகத்துக்கு வருவீங்கல்ல? நான்தான் குதிரையோட பின்னங்கால்" என்றாள் மகள். "போன வருஷமும் வரல. அதுக்கு முந்தின வருஷமும் வரல."

அவர் உட்கார்ந்து தனக்குத்தானே ஒரு லீவுக் கடிதம் எழுதினார். பிறகு முதலாளியாகத் தன்னை நினைத்துக்கொண்டு அதைப் படித்தார். நானூறு குடை கண்முன்னே விரிந்தது. கனத்த மனத்தோடு, 'வேலை மிகுதியால் அனுமதி இல்லை' என்று கீழே எழுதிக் கையெழுத்திட்டார்.

மனைவி அதைப் பிடுங்கிப் பார்த்தாள். "இந்த அநியாயம் உண்டா? பழைய முதலாளியே தேவலாம் போலிருக்கே! வெறுங்கையோட நிக்கறான் என் தம்பி, அவனைக் கூட்டிட்டுப் போங்க. பாதியை அவன் பார்த்துக்கட்டும்."

மைத்துனன் இரண்டு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தான். "உங்களுக்குக் கீழேன்னா வரமாட்டேன் மாமா. நானும் முதலாளியாத்தான் வருவேன். ஊர்ல பாதிப் பேர் முதலாளி ஆயிட்டாங்கன்னு ரேடியோல சொன்னாங்களே."

"வேலை குடுக்க ஆளில்லன்னு அர்த்தம்டா அதுக்கு" என்றாள் அக்காக்காரி. ஆனாலும் இன்னொரு நாற்காலியைத் தூக்கிக் கொடுத்தாள். இப்போது மகளும் நின்றபடி சாப்பிட்டாள்.

மைத்துனனைப் பார்த்ததும் மேனேஜருக்கு முகமெல்லாம் பல். "ரெண்டு முதலாளியா? சந்தோஷம். அப்ப எண்ணூறு குடை!"

வெள்ளிக்கிழமை இருவரும் விடாமல் விரித்து மடக்கினார்கள். அறை முழுக்கக் கறுப்புப் பறவைகள் எழும்பி எழும்பி அமர்வதுபோல் இருந்தது. ஒரு கணம் அவருக்கே கூடப் பறந்துவிடலாம் போலத் தோன்றியது. மணி இரண்டு. இன்னும் முன்னூற்று எண்பது பாக்கி. மைத்துனன் எழுந்து தலை சீவினான்.

"எங்கடா கிளம்பிட்டே?"

"மருமக நாடகத்துக்கு மாமா. காலையிலயே லீவு கேட்டுட்டேன். கிடைச்சிடுச்சு."

"யார் குடுத்தா?"

"என் முதலாளிதான். தங்கமான மனுஷன்."

அவன் போயேவிட்டான். அவர் இன்னும் பத்துக் குடை விரித்தார். பத்தாவது குடைக்குள் ஒரு பின்னங்கால் தனியாக நின்று அவரைப் பார்ப்பதுபோல் இருந்தது. குடையைப் போட்டுவிட்டு, புதிதாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினார். காலி. மாடியில் டைரக்டர் அறைக்கு ஓடினார். அதுவும் காலி. மூச்சிரைக்க வாசலுக்கு வந்து வாட்ச்மேனைப் பிடித்தார்.

"ஏம்ப்பா, லீவுக்குக் கையெழுத்துப் போட இந்தக் கம்பெனியில ஒரு ஆளு கூடவா இல்ல? மேனேஜர் எங்க?"

வாட்ச்மேன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சட்டைப் பையிலிருந்து நிதானமாகப் பேனாவை எடுத்தார்.

"மேனேஜர், டைரக்டர் எல்லாரையுமே போன வாரம் சொந்தத் தொழிலுக்கு மாத்திட்டாங்க சார். ரெண்டு பேரும் தங்களுக்குத் தாங்களே லீவு குடுத்துட்டுப் போயிட்டாங்க. கம்பெனியில இப்ப ஊழியர்னு இருக்கிறது நான் ஒருத்தன்தான். குடுங்க லெட்டரை."