லெமன் அண்ணனும் எங்கள் டீன்களும்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு டீன்களை அனுப்பிவைத்தது சர்க்கார். அவர்களைத் திருப்பி அனுப்பியது லெமன் அண்ணன். சென்னையிலிருந்து வந்த மாறுதல் உத்தரவெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்றுதான் வார்டு ஆயாவிலிருந்து பிளட் பேங்க் டாக்டர் வரை அத்தனை பேரும் நம்பினார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். காவிரித் தண்ணீர் பாய்கிற சீமையில் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். அதன் அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாதா மாதம் பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது. அது தொடர்ந்து வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

லெமன் அண்ணன் மார்ச்சுவரி உதவியாளர். கறுத்து உயர்ந்த உருவம், மடிப்புக் கலையாத காக்கி, நெற்றியில் சந்தனம், பக்கத்தில் வந்தால் ஜவ்வாது வாசனை. மார்ச்சுவரியில் வேலை செய்கிறவர் மேல் வேறு வாசனை எதுவும் வந்துவிடக் கூடாது என்பதில் மனிதர் குறியாக இருந்தார். டாக்டர்களிடம் சாதாரணமாகத்தான் பேசுவார். பிரேதங்களிடம் பேசும்போது மட்டும் குரலில் அப்படி ஒரு மரியாதை வந்துவிடும். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் புரட்டுவார்.

"எதுக்குண்ணே இவ்வளவு பணிவு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உசுரோட இருக்கறவங்க கோவிச்சுக்கிட்டா கையில கால்ல விழுந்து சமாதானம் பண்ணிக்கலாம் சார். இவங்க கோவிச்சுக்கிட்டா யாரு சமாதானம் பண்றது?" என்றார்.

புது அதிகாரி பொறுப்பேற்றால் மரியாதைக்கு எலுமிச்சம்பழம் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். சங்கத்துக்காரர்கள் ஆளுயர மாலையும் சால்வையுமாக வருவார்கள். கடைசி ஆளாக லெமன் அண்ணன் வந்து, இரண்டு கைகளாலும் ஒரே ஒரு பழத்தை நீட்டுவார். நீட்டிவிட்டு ஒரே ஒரு வரி சொல்வார்: "ஐயா ஒரு தடவை மார்ச்சுவரிக்கு வந்து பாக்கணும்."

முதலில் வாங்கியவர் ஒரு குழந்தை மருத்துவர், தங்கமான மனிதர். பழத்தை முகர்ந்து பார்த்து, "நல்ல வாசனை" என்று பையில் போட்டுக்கொண்டார். அந்த வாரமே அவரைத் தூக்கித் தென்காசிப் பக்கம் போட்டார்கள். அடுத்து வந்தவரும் வாங்கினார். மாலையிலிருந்த சம்பங்கி வாடுவதற்குள் அவரும் மூட்டை கட்டினார். கேன்டீனில் யாரோ கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிணம் தொட்ட கை கொடுத்த பழம் ஆளை நிற்கவிடாது என்று முடிவாகிவிட்டது. லெமன் அண்ணன் என்ற பெயர் அன்று வைத்ததுதான்.

மூன்றாவதாக வந்தவர் இதய சர்ஜன். துடித்துக்கொண்டிருக்கிற இதயத்தைக் கையில் ஏந்திப் பார்த்தவர். ஒரு எலுமிச்சம்பழத்தைக் கண்டதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வைங்க, வைங்க. அங்க வைங்க" என்று அவர் கண்ணால் காட்டியது என் மேஜையை.

அன்று முழுவதும் என் மேஜைக்கு ஒருவரும் கையெழுத்துக்கு வரவில்லை. நான் கொஞ்சம் பகுத்தறிவு பேசுகிறவன். ஆகவே பழத்தைக் கையால் தொடாமல், ஸ்கேலால் தள்ளிக் குப்பைக் கூடையில் விழ வைத்தேன். துப்புரவு அம்மா கூடையைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்தக் கூடை என் காலடியிலேயே நாள்கணக்கில் கிடந்தது. எனக்கு மாறுதல் வரவில்லை. எனக்கு நல்லது எதுவும் அவ்வளவு சுலபத்தில் வராது.

பயந்தவர்கள் ஒரு பக்கம் என்றால், தேடி வந்தவர்கள் இன்னொரு பக்கம். பட்டுக்கோட்டை சிஸ்டர் ஒருவர் இருந்தார். கணவருக்கு அங்கே தேங்காய் மண்டி, கைக்குழந்தை மாமியாரிடம், இவருக்கு இங்கே டியூட்டி. ஒரு மத்தியானம் முக்காடு போட்டுக்கொண்டு மார்ச்சுவரிக்குப் போய், "அண்ணே, எனக்கு ஒண்ணு குடுங்கண்ணே" என்று அழுதிருக்கிறார். அடுத்த கலந்தாய்வில் பட்டுக்கோட்டைக்கே மாறுதல் கிடைத்தது. விஷயம் பரவியதும் மார்ச்சுவரி வாசலில் செத்தவர்களைவிட உயிரோடு இருக்கிறவர்கள் கூட்டம் அதிகமாகிவிட்டது. மருந்தாளுநர் ஒருவர் தனக்குப் பழம் வேண்டாம், தன் மேலதிகாரிக்கு யாருக்கும் தெரியாமல் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். லெமன் அண்ணன் மறுத்துவிட்டார்.

"வேணும்னு கேக்கறவங்களுக்குக் குடுப்பேன் சார். வேணாங்கறவங்க தலையில கட்ட மாட்டேன்."

அவருக்கு இதில் கடுகளவும் நம்பிக்கை கிடையாது. "டீனுங்க இங்க எப்ப சார் நிலைச்சாங்க? நான் பழம் குடுக்கலைன்னாலும்தான் போவாங்க" என்பார். அவருக்கு வேண்டியது வேறு. மார்ச்சுவரியின் குளிர்பெட்டி கெட்டுப் போய்க் கிடந்தது. கம்ப்ரசர் மாற்ற வேண்டும். எழுதிப் போட்டால், டீன் நேரில் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து திரும்பி வரும். டீனோ நேரில் வர மாட்டார். பொறுப்பேற்ற அன்று சுற்றிப் பார்க்கிற டீன் பிரசவ வார்டில் தொடங்கிக் கேன்டீன் வடையில் முடித்துக்கொள்வார். மார்ச்சுவரி கேன்டீனுக்கும் அந்தப் பக்கம், வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. பழத்தின் புகழ் பரவிய பிறகு கேன்டீன் வரைகூட வருவதை நிறுத்திவிட்டார்கள். வடை மட்டும் அறைக்குப் போனது.

"அந்தப் பழத்தை நிறுத்துங்களேன்" என்று நானே சொன்னேன். கேட்டார். அடுத்த டீனுக்கு வெறுங்கையோடு கும்பிடு போட வந்தார். பழத்தைச் சட்டைப் பையில் ஒளித்து வைத்திருக்கிறார் என்று யாரோ கிளப்பிவிட, டீன் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். லெமன் அண்ணன் சிரிக்கவில்லை.

அவர் ஏன் சிரிக்கவில்லை என்பது எனக்கு அந்தச் சித்திரையில்தான் புரிந்தது. ஒரத்தநாட்டுப் பக்கம் வயலில் பாம்பு கடித்து ஒரு விவசாயி இறந்து போனார். மகன் குவைத்தில் இருந்தான். மகன் வருகிற வரைக்கும் வாடகைக் குளிர்பெட்டி எடுத்து வைக்கக் கூரை வீட்டில் இடமில்லை என்று உடலை எங்களிடமே விட்டிருந்தார்கள். லெமன் அண்ணன் ஐஸ் கம்பெனியிலிருந்து பார் பாராக ஐஸ் கொண்டுவந்து, சுற்றிலும் உமியைக் கொட்டி, ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைத்தார். சித்திரை வெயிலுக்கு அதெல்லாம் எந்த மூலைக்கு? ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்க நான் அங்கே போன நேரத்தில்தான் அந்தப் பையன் குவைத்திலிருந்து சூட்கேஸோடு வந்து இறங்கினான். லெமன் அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, காலை மட்டும் பாத்துக்குங்க. முகம் வேணாம்."

"எங்க அப்பா முகத்தை நான் பாக்கணும்ணே."

"நீங்க கெளம்பிப் போறப்ப பாத்தீங்கல்ல, அதை வச்சுக்குங்க. சொன்னாக் கேளுங்க தம்பி."

பையன் கால்களைக் கட்டிக்கொண்டு அழுதான். வயல் சேறு காய்ந்த பாதங்கள். நான் கையெழுத்து வாங்காமலே திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு லெமன் அண்ணனைப் பற்றி யாராவது ஜோக் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அந்த ஆடியில் ஒரு பெண் டீன் வந்தார். மயக்க மருந்து நிபுணர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். சேர்ந்து சில நாளில் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். ஏதோ ஃபைலில் தப்பு என்றுதான் நினைத்தேன்.

"சூப்ரண்டு சார், இங்க யாரோ லெமன் அண்ணன்னு இருக்காராமே?"

"அதெல்லாம் சும்மா கட்டுக்கதை மேடம். நீங்க பயப்படாதீங்க. நான் அவரை இந்தப் பக்கமே வரவிடாமப் பாத்துக்கறேன்."

"ஐயோ, அதுக்கில்ல." கொஞ்ச நேரம் பேப்பர் வெயிட்டை உருட்டினார். "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல. ஆனா எங்க அப்பா மதுரையில இருக்கார். ஞாபகம் தவறிப்போச்சு. தம்பியைக்கூட யாருன்னு கேக்கறார். என்னை மட்டும்தான் இன்னும் தெரியுது. அதுவும் போறதுக்குள்ள நான் மதுரைக்குப் போயிடணும். அந்த லெமன் அண்ணன்கிட்ட ஒரு பழம் வாங்கித் தர முடியுமா?"

என் சர்வீஸில் எத்தனையோ டீன்களைப் பார்த்திருக்கிறேன். பழத்துக்காகக் கெஞ்சிய டீன் இவர் ஒருவர்தான். விழுந்தடித்துக்கொண்டு மார்ச்சுவரிக்கு ஓடினேன். லெமன் அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குளிர்பெட்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இங்க வந்து வாங்கிக்கச் சொல்லுங்க சார்."

"அண்ணே, அவங்க டீன். நான் கொண்டுபோய்க் குடுக்கறேன்."

"சாமி பிரசாதத்தைக் கூரியர்ல அனுப்பச் சொல்லுவாங்களா? இங்க வந்து வாங்கினாத்தான் பலிக்கும்னு சொல்லுங்க."

சொல்லும்போது முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இத்தனை காலம் அவரை ஓட ஓட விரட்டிய புரளியை மனிதர் அந்த நிமிஷத்தில்தான் தூண்டிலில் மாட்டினார்.

மறுநாளே டீன் வந்தார். என்னை மட்டும் கூட்டிக்கொண்டு, கேன்டீனைத் தாண்டி, வாய்க்கால் கரையோடு நடந்து வந்தார். மார்ச்சுவரி வாசலில் புங்க மரத்தடியில் ஒரு பெண் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த சமயம். குளிக்கப் போன அவள் மகனைச் சுழல் இழுத்துக்கொண்டது. தகப்பன் துபாயிலிருந்து வந்துகொண்டிருந்தான். போலீஸ் காகிதம் முடியாததால் பையனை வீட்டுக்கு எடுத்துப்போகவும் வழியில்லை.

லெமன் அண்ணன் கையில் பழம் இருந்தது. ஆனால் அதை நீட்டவில்லை. சாக்கை விலக்கிக் காட்டினார். ஐஸ் பாதிக்கு மேல் உருகி, உமியெல்லாம் நனைந்து கிடந்தது. பக்கத்திலேயே அந்தக் குளிர்பெட்டி, பழைய பீரோ மாதிரி நின்றது.

டீன் பையனின் முகத்தைக் குனிந்து பார்த்தார். "அப்பா எப்ப வர்றார்?" என்று கேட்டார்.

"நாளைக்கு மத்தியானம் மேடம். அதுக்குள்ள அடையாளம் தெரியாமப் போயிடும்."

டீன் வெளியே வந்து, அந்தத் தாய்க்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அங்கிருந்தே சென்னைக்குப் பேசினார். அதிர்ந்து பேசத் தெரியாதவர் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பக்கம் இருந்த அதிகாரி என்ன பாடு பட்டாரோ. கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களை எல்லாம் நான் அங்கேயே கொண்டுவந்து கொடுத்தேன். திருச்சியிலிருந்து மெக்கானிக் கம்ப்ரசரோடு வருகிற வரை டீன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் பெட்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. லெமன் அண்ணன் பையனைத் தூக்கி உள்ளே படுக்க வைத்து, "இனிமே சில்லுன்னு இருக்கும் தம்பி" என்றார். டீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழத்தை வாங்க அவரும் மறந்துவிட்டார், கொடுக்க இவரும் மறந்துவிட்டார்.

தையில் அவருக்கு மதுரைக்கு மாறுதல் வந்தது. அப்பாவுக்கு இன்னும் தன்னைத் தெரிகிறது என்று விடைபெறும்போது சந்தோஷமாகச் சொன்னார். பழத்தின் மகிமை என்று ஆஸ்பத்திரியே பேசியது. "அவங்க வாங்கவே இல்லங்க" என்று லெமன் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். யாரும் நம்பவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, போன அறுவடை சமயத்தில், காய் வாங்க ஸ்கூட்டரில் போன என் மனைவியை நெல் லாரி ஒன்று மோதிவிட்டது. விபத்து என்பதால் அந்த மார்ச்சுவரிக்குத்தான் கொண்டுபோனார்கள். மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். அவனுக்கு டிக்கெட் கிடைத்து வந்து சேரும்வரை அவள் அங்கேதான் இருந்தாள். எத்தனை சட்டதிட்டம் தெரிந்தவன் நான், அந்த வாசலில் எதுவும் தெரியாமல் நின்றேன்.

"வீட்டுக்குப் போயி ஒரு வாய் சாப்பிட்டு வாங்க சார். அம்மாவை நான் பாத்துக்கறேன்" என்றார் லெமன் அண்ணன்.

மகன் வந்ததும் அவரே கதவைத் திறந்தார். தலை வாரி, குங்குமம் வைத்து, அடிபட்ட பக்கம் தெரியாமல் துணியை இழுத்துவிட்டிருந்தார். மகன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "அம்மா தூங்கற மாதிரியே இருக்காங்கப்பா" என்றான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் இருவரும் வீடு திரும்பினோம்.

லெமன் அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. அவர் ரிட்டையர் ஆவதற்குள் நானும் போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை என்று சில நாள் தோன்றும்.