மேலடுக்கு ஆசாமி

மொட்டை மாடியில் பழைய செய்தித்தாளை விரித்து, கீழ்வீட்டுக் குப்பையை அவள் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சர்க்கரை நோய்க்காக டாக்டர் சொன்னபடி காலை நடைக்குப் போயிருந்த கணவர் அன்று சீக்கிரமே திரும்பிவிட்டார். எதையும் ஒளித்து வைக்க நேரமில்லை.

நாற்பத்தெட்டு வயதில், தையல் கடையைப் பாதி நாள் மூடிவிட்டு, பல்கலைக்கழகத்தில் தொல்லியலும் கலை வரலாறும் படிக்கச் சேர்ந்தவள் அவள். படிப்பது முதலாம் ஆண்டுதான். ஆனாலும் வகுப்பில் எல்லோரும் ‘சீனியர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். கலை வரலாற்றில் அவளுக்குப் பயமே இல்லை. சிலையின் ஆடை மடிப்பைப் பார்த்தாலே, செதுக்கியவனுக்குத் துணியைப் பற்றித் தெரியுமா தெரியாதா என்று சொல்லிவிடுவாள். தொல்லியல்தான் இடித்தது.

மண்ணுக்குள் கிடைப்பதில் பாதி அந்தக் காலத்துக் குப்பைதான் என்று சொல்லி, பேராசிரியை ஒரு பயிற்சி கொடுத்திருந்தார். ஒரு வீட்டின் ஏழு நாள் குப்பையை அடுக்கு அடுக்காகப் பிரித்து, அங்கே வாழ்பவர்களைப் பற்றி அறிக்கை எழுத வேண்டும். சொந்த வீடு கூடாது. வீட்டுக்காரரின் சம்மதக் கையெழுத்து கட்டாயம்.

அந்தக் கையெழுத்தில்தான் சிக்கல். கீழ்வீட்டில் தனியாக இருந்தவள் ஓர் உடற்பயிற்சி ஆசிரியை. அவளிடம் போய் உங்கள் குப்பையைக் கொஞ்சம் தாருங்கள் என்று எந்த வாயால் கேட்பது? வேலையை முதலில் முடிப்போம், கையெழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று, தினமும் காலையில் குப்பை வண்டி வருவதற்குள் பையை மேலே தூக்கி வந்து, பார்த்து முடித்ததும் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள்.

எல்லாவற்றையும் சொன்னதும் கணவர் தாளின் ஓரத்தில் மெதுவாகக் குந்தினார். என்ன தெரிந்தது என்று கேட்டார்.

“அடியில ஓட்ஸ் பாக்கெட், ஆரஞ்சுத் தோல், முட்டை ஓடு. அதெல்லாம் டீச்சரோடது. மேலடுக்கைப் பாருங்க. கேக் பெட்டி, சாக்லேட் தாள். அஞ்சு நாளா இதேதான். நேத்து ஆம்பளைங்க போடுற தலை டை பாக்கெட் வேற.”

“அதனால என்ன?”

“அந்த வீட்டுல ஒரு ஆசாமி இருக்கான். ஐம்பது தாண்டினவன். கடைசியா விழுறதுதானே மேல கிடக்கும்? அப்போ அவன் விடியக்காலையிலதான் கிளம்பிப் போறான்.”

வாயில் எதுவும் இல்லாமலே கணவருக்குப் புரையேறியது. தனியாக வாழும் பெண்ணைப் பற்றி இப்படியெல்லாம் ஊகிப்பது பாவம், வேறு வீடு பார் என்று வெகுநேரம் சொன்னார். எவ்வளவு மென்மையான மனசு இந்த மனுஷருக்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் வீட்டை மாற்றவில்லை.

ஏழு நாள் முடிந்ததும், கையெழுத்தைத் தானே வாங்கி வருவதாகக் கணவர் முன்வந்தார். பத்தே நிமிடத்தில் வாங்கியும் வந்துவிட்டார். எப்படி என்று கேட்டாள். குடியிருப்பில் யார் சுத்தமாக இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி நடக்கிறது, அதில் உங்களுக்குத்தான் முதலிடம் என்று அடித்துவிட்டிருக்கிறார். ஆசிரியை பூரித்துப்போய், அறிக்கையில் தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

அந்தப் பிரதியை எப்படிக் கொடுப்பது? அவள் உட்கார்ந்து அறிக்கையைத் திருத்தினாள். ‘ஓர் ஆண்’ என்று இருந்த இடங்களிலெல்லாம் ‘பெரிய வளர்ப்பு நாய்’ என்று மாற்றி, அதையே வகுப்பிலும் கொடுத்தாள்.

மறுநாள் பேராசிரியை அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

“இந்த நாய் தலைக்கு டை அடிக்குமாம்மா?”

வேறு வழியில்லாமல் அசல் அறிக்கையை எடுத்துக் கொடுத்தாள். பேராசிரியை அதை ஒரே மூச்சில் படித்தார். பதினோரு வருடத்தில் முதலாம் ஆண்டு மாணவர் யாரும் அடுக்கை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்ததில்லை என்றார். வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் அதைப் படிக்க வேண்டும், ஊகம் சரிதானா என்று சொல்ல வீட்டுக்காரரும் வர வேண்டும் என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள், கையெழுத்துக்குக் கீழே இருந்த எண்ணுக்குப் போனும் போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை, நாற்பது மாணவர்களுக்கு முன்னால் ஆசிரியை முதல் வரிசையில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். நம் மாணவி கீழடுக்கை ஆற அமரப் படித்தாள். ஆரஞ்சுத் தோலைப் பற்றி மட்டும் ஐந்து நிமிடம் பேசினாள். பிறகு நன்றி சொல்லிவிட்டுத் தாளை மடித்தாள்.

“மேலடுக்கு?” என்றார் பேராசிரியை.

மடித்த தாளைப் பிரித்துப் படித்தாள். ஆசிரியை எழுந்து நின்றாள்.

“அக்கா, வீட்டுல ஆள் வச்சிருக்கேன்னு சொன்னதைக்கூட மன்னிச்சிடறேன். கேக்குன்னு எழுதிட்டீங்களே. என்கிட்ட பயிற்சிக்கு வர்றவங்க காதுல விழுந்தா நான் என்ன ஆவேன்?”

தன் வீட்டுக்குள் ஆறு வருடமாகச் சர்க்கரையே நுழைந்ததில்லை என்று அவள் சத்தியம் செய்தாள். பேராசிரியை இருவரையும் பார்த்துவிட்டு, அடுக்கு பொய் சொல்லாது, அதைப் படித்தவர்தான் எங்கோ தவறியிருக்க வேண்டும் என்றார். உண்மை தெரியும்வரை மதிப்பெண் கிடையாது.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு அவமானமாக இருந்தது. மதிப்பெண் போகட்டும், வாயில்லாத ஒரு பையை வைத்து ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்துவிட்டோமே என்பதுதான் உறுத்தியது. நேராகக் கீழ்வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். ஆசிரியைக்கும் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. மறுநாள் காலை இருவரும் சேர்ந்து காவல் காப்பது என்று முடிவானது. மாடியேறிப் போய்க் கணவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

சனிக்கிழமை விடியும்போதே இரண்டு பெண்களும் வாசலில் நின்றார்கள். கணவர் மட்டும் முழங்கால் வலி என்று நடைக்குப் போகாமல் போர்வைக்குள் இருந்தார். வெளிச்சம் வந்த பிறகும் யாரும் வரவில்லை. பையில் ஓட்ஸ் பாக்கெட் இருந்தது, ஆரஞ்சுத் தோல் இருந்தது. மேலடுக்கைத்தான் காணோம்.

தெருவைக் கூட்டிக் குப்பை வண்டியும் தள்ளும் பெண் தெருக்கோடியிலிருந்து கூட்டிக்கொண்டே அப்போதுதான் வாசலுக்கு வந்து சேர்ந்தாள். இருட்டோடு வேலைக்கு வருபவள் அவள்தான். இந்த வீட்டிலிருந்து விடியற்காலையில் ஓர் ஆள் வெளியே போவதைப் பார்த்ததுண்டா என்று ஆசிரியை அவளிடம் கேட்டாள்.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஆசிரியையை விட்டு நம் மாணவியின் பக்கம் திரும்பினாள்.

“இந்த வீட்டுல ஆளும் இல்ல, பேரும் இல்லம்மா. நீங்க அந்தத் தோண்டுற படிப்புக்குப் போனதுலேருந்து, உங்க வீட்டுக்காரருதான் தன்னோட குப்பையை எடுத்துட்டு வந்து இதுல போட்டுட்டுப் போறாரு.”