குப்புற ஒட்டிய மரியாதை

உலக நாகரிகத்தைக் கட்டியவர்கள் இறந்தவர்கள். இறந்தவர்களைக் கட்டிக் காப்பது 'பழைய மரண அறிவிப்புப் பாதுகாப்புச் சங்கம்'. அந்த மாபெரும் சங்கத்தின் கூட்டத்துக்கு அன்று வந்திருந்தோர்: மின்விசிறிக்கு நேர் கீழே தலைவர், மிச்சக் காற்று வரும் இடத்தில் பொருளாளர், காற்றே எட்டாத கதவோரம், பசை டப்பாவும் கையுமாகச் செயலாளர். மற்ற உறுப்பினர்கள் சுவரில் படமாக இருந்தார்கள்.

பழைய நாளிதழ்களில் வந்த மரண அறிவிப்புகளை வெட்டி ஆல்பத்தில் ஒட்டி, ஊரின் வரலாற்றைக் காப்பதே சங்கத்தின் திருப்பணி. அன்று ஒட்டவேண்டியது தலைவரின் தகப்பனாருடைய கால் பக்க அறிவிப்பு: 'செங்கல் சூளை அதிபர், தொழிலாளர்களின் தோழர்.' சிக்கல் அதன் முதுகில் இருந்தது. அங்கே நாலு வரியில் செயலாளரின் அம்மா இருந்தாள். அவள் பெயர் அச்சில் ஏறியது ஆயுளில் அந்த ஒரே முறை. அதுவும் ஆயுள் முடிந்த பிறகு. அந்த நாளிதழில் மிஞ்சியிருந்ததும் அந்த ஒரே தாள்.

"ஐயா, ஒட்டிட்டா அம்மா பேரு தெரியாமப் போயிடுமே. ஒரு ஜெராக்ஸாவது எடுத்து..."

"அசல்தான் தம்பி வரலாறு. நகல் எடுத்தா அது கடை." தலைவர் கண்ணை மூடித் திறந்தார். ஞானம் பிறந்துவிட்டது. "உள்பக்கம் இருந்தா தாழ்வுன்னு யாரு சொன்னா? வெயில் படாது, தூசி படாது, கண்டவன் கண்ணும் படாது. எங்கப்பாதான் பாவம், வெளியில கெடந்து மஞ்சளாவாரு. முதல் மரியாதை உங்கம்மாவுக்குத்தான்!"

"தலைவரே, என்னா தியாகம்!" பொருளாளருக்குக் கண் கலங்கியது.

"தீர்மானமா எழுதிக்குங்க தம்பி: பசைப் பக்கமே உயர்ந்த பக்கம்."

செயலாளர் எழுதிக்கொண்டார். பள்ளிக்கூடத்திலேயே ஓரக்கோடு தாண்டாதவர், தீர்மானத்தைத் தாண்டுவாரா? இருவரும் போனதும் பசை தடவினார், ஒட்டினார், சுருக்கம் விழாமல் துணியால் நீவினார். பிறகு தலைவருக்கு முறைப்படி எழுதினார்:

"மதிப்பிற்குரிய ஐயா, பணி முடிந்தது. உயர்ந்த பக்கத்தை என் தாயாருக்கு எடுத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. முதல் மரியாதை தலைவர் குடும்பத்துக்கே உரியது. ஆகவே தங்கள் தகப்பனார் மீது இனி வெயில் படாது, தூசி படாது, கண்டவன் கண்ணும் படாது. வெளியில் கிடக்கும் தியாகத்தை என் தாயார் ஏற்றுக்கொண்டார். வெயில் அவருக்குப் புதிதல்ல. தங்கள் தகப்பனாரின் சூளையில் பழகியதுதான்."

டப்பாவில் மிச்சமிருந்த பசையை வழித்து உறையை ஒட்டினார். போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டார்.